மேசை மேல் ஆணித் தொழிற்சாலை

1964 பிப்ரவரியில், மாட்டுங்காவில் வானமாமலையின் வீட்டு மேசை மேல் இருந்த ஆணித் தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கியது. அதன் உயரம் ஒரு சாண். புகைபோக்கியையும் சேர்த்தால் ஒன்றரை. முதலில் சேர்ந்தவர்களில் தாராவி தெரசம்மாளும் ஒருத்தி.

வானமாமலை ரயில்வே சரக்கு அலுவலகத்தில் கணக்கர், தனிக்கட்டை. கூடத்தை அடைத்துக் கிடந்த மேசையில் மாலைதோறும் பொம்மை ரயில் ஓட்டுவார். தண்டவாளம் இருந்தது, ஸ்டேஷன் இருந்தது. வண்டி போய்ச் சேரத்தான் இடம் இல்லை. கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு தொழிற்சாலை துண்டு துண்டாக இருந்தது: சுவர், கூரை, ஏணி, குழாய், எல்லாம் பிளாஸ்டிக். வானமாமலைக்குக் கை நடுங்கும். அதனால் தாராவியில் தகரப் பெட்டிகளுக்குப் பூவும் மயிலும் வரைந்துகொண்டிருந்த வேதமுத்துவை வரவழைத்தார். வேதமுத்து ஒவ்வொரு துண்டையும் பிளேடால் நறுக்கி, பிசிறை அரத்தால் தேய்த்து, ஒட்டினான். செங்கல் நிறம் அடித்துக் காயவிட்டு, மேலே நீர்த்த வெள்ளையை ஓடவிட்டு உடனே துடைத்தான். செங்கல் இடுக்குகளில் மட்டும் வெள்ளை தங்கியது. “பழசா இருக்கணும்ப்பா. நாப்பது வருஷம் ஓடின ஆலை மாதிரி” என்றார் வானமாமலை. வேதமுத்து விளக்குக் கரியைக் கூரையில் தட்டினான், காவிக்கல்லை இழைத்துக் குழாய்களில் துரு ஏற்றினான். வேலை முடிந்த மறுநாள் விடியலில் ஆலைச் சங்கு ஊதியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏதோ மில் சங்கு என்று கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

‘பெண்கள் தேவை’ என்று கேட்டில் தொங்கிய பலகையை வேதமுத்து எழுதவில்லை. அவனுக்குச் சோறு கொண்டுவந்த மனைவி தெரசம்மாள்தான் அதை முதலில் பார்த்தாள். வராதவர்களுக்குப் பதிலாக நிற்கும் பதலி வேலைக்காக வருஷக்கணக்கில் மில் வாசல்களில் நின்று அலுத்தவள் அவள்.

“ஏங்க, போய்க் கேட்டுப் பாக்கட்டா?”

“கேளேன்” என்றான் வேதமுத்து, விளையாட்டுக்கு.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேசையருகே போனாள். கேட்டுக்குள் நுழையும் அளவுக்கு ஆனாள், நுழைந்தாள். வானமாமலை இதைப் பார்த்தபடியே காபியைக் குடித்து முடித்தார்.

முதல் வருஷம் ஞாயிறுதோறும் பழைய உயரத்துக்கு வந்து, பூசைக்குப் போய், மீன் குழம்பு வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஓவர்டைம் வந்தது. அதன் பிறகு ஆலைக்குப் பின்னால் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை வந்தாள். வேதமுத்துவும் வேலை கேட்டு ஆலை வாசலருகே குனிந்தான். “பெயிண்டர் எதுக்கு? நாப்பது வருஷமா சுவரு அப்படியே நிக்கி” என்றான் காவலாளி. பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேதமுத்துவுக்கு வேறு தொழில் தெரியாது. தகரப் பெட்டிக் கடையில் வேலை முடிந்ததும் மாட்டுங்காவுக்கு நடந்து வந்து மேசையருகே உட்கார்ந்திருப்பான். எந்த ஜன்னல் அவளுடையது என்று தெரியும். மூச்சை அடக்கித்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் அவன் விட்ட பெருமூச்சில் மாடியில் காய்ந்த சேலைகளெல்லாம் பறந்துவிட்டன. ஓடி வந்து பொறுக்கிய தெரசம்மாள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். அவன் முகம் அவளுக்கு மேகமாகத்தான் தெரிந்திருக்கும்.

1967 ஈஸ்டருக்கு அவள் இருமலோடு வந்தாள்.

“வேலைய விட்ரு, தெரசா.”

“பர்மனென்ட் ஆயிருக்கு. எப்படி விட?”

“அங்க ஒரே கரி. நெஞ்சுக்கு ஆவாது.”

“அந்தக் கரிய யாரு அடிச்சா?” என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

மறுநாள் காலை வேதமுத்து வானமாமலை முன்னால் போய் நின்றான். ஆலையைக் கழுவ வேண்டும் என்றான். வானமாமலை ஒப்பவில்லை. “கரியும் துருவும் போனா வெறும் பொம்மைப்பா. இப்பத்தான் நிஜமா இருக்கு.”

“நெசமா இருக்கப் போயித்தான சார் இருமுதா.”

 வானமாமலை கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் சாவியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு ஆபீசுக்குப் போனார்.

மழைக்காலம் முழுக்க வேதமுத்து அங்கேயே கிடந்தான். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, நனைத்து, கூரையிலிருந்து தொடங்கினான். தன் கையால் ஏற்றிய கரியைத் தன் கையாலேயே எடுப்பது ஏற்றியதைவிடக் கடினமாக இருந்தது. சுவருக்கு இளமஞ்சள், ஜன்னல்களுக்குப் பச்சை. புகை கீழே இறங்காதிருக்கப் பழைய பேனாவை அறுத்து அந்தக் குழாயைப் புகைபோக்கியின் மேல் ஒட்டி உயர்த்தினான். தொழிலாளிகள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்த தெரசம்மாள் இருமவில்லை. இரவு முழுக்க அசையாமல் தூங்கினாள்; விடிந்ததும் டூட்டிக்குப் போய்விட்டாள். 

மஞ்சள் சுவர் சீக்கிரம் அழுக்காகும். இதை அவன் யோசித்திருக்கவில்லை, நிர்வாகம் யோசித்திருந்தது. 1968 நவம்பரில் கேட்டில் ‘பெயிண்டர் தேவை’ என்று பலகை தொங்கியது. வேதமுத்து தாராவி அறையைக் காலி செய்து, ஒரு வாளியும் இரண்டு பிரஷ்ஷுமாக வந்து, வானமாமலையிடம் சொல்லிக்கொண்டு மாலை வண்டியில் ஏறினான்.

வானமாமலை வண்டியை மெதுவாக ஓட்டி, ஆலை வாசலில் நிறுத்தி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். ஷிப்ட் முடிந்து தெரசம்மாள் வந்துகொண்டிருந்தாள். வேதமுத்து இறங்கினான். அவள் நின்றாள். முதலில் எதற்கோ அவனைத் திட்டுவது போல் இருந்தது. பிறகு அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். இருவரும் குடியிருப்புப் பக்கம் திரும்பும்வரை வானமாமலை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வண்டி தாமதமாகத்தான் புறப்பட்டது.