மாலை போட்ட அம்பாசிடர்

எங்கள் கே.கே. நகர் வீட்டில் கார் நிறுத்த இடம் ஒன்று, கார்கள் இரண்டு. ஒன்று என் வீட்டுக்காரர் பத்ரிநாத்தின் அம்பாசிடர். மற்றது என் அப்பா எனக்கு விட்டுப்போன பியட். 1996 ஆயுத பூஜை சமயத்தில், ஒன்றை விற்றே ஆகவேண்டும் என்று முடிவானது. எதை என்பதில்தான் சண்டை.

"எட்டுப் பேர் ஏறுனாலும் என் வண்டி அசராது. உன் தீப்பெட்டியில எம்புட்டுப் பேரை அடைப்ப?" என்பார் அவர்.

"வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு. உங்க வண்டி பெட்ரோல் பங்க்கைப் பார்த்தா தானா திரும்புது," என்பேன் நான்.

பராமரிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அம்பாசிடருக்குத் தினமும் குளியல், ஞாயிற்றுக்கிழமை பாலிஷ். என் பியட்டுக்கு மழை பெய்தால்தான் குளியல். ஆனாலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். அவர் வண்டியைக் காலையில் கொஞ்சம் கெஞ்ச வேண்டும்.

கடைசியில் பந்தயம் கட்டினோம். விஜயதசமி காலையில் இரண்டு வண்டியும் நாகமலை புதுக்கோட்டை போய்த் திரும்ப வேண்டும். வழியில் நின்றுபோகிற வண்டியை அன்று சாயங்காலமே மொக்கைச்சாமிக்குக் கொடுத்துவிடுவது. அவர் பழங்காநத்தத்தில் பழைய கார் வாங்கி விற்பவர். அப்பாவின் மூக்குப்பொடி வாசனை இன்னும் மிச்சமிருப்பது அந்த சீட்டில்தான். அதை எவனுக்கோ கொடுக்க எனக்கு மனசே இல்லை.

முதல் நாள் பூஜையில் அம்பாசிடர் பம்பரில் இரண்டு வாழைக்கன்று கட்டினார். முன் கிரில் மொத்தத்தையும் மூடி, தொடை தண்டி செவ்வந்தி மாலை. என் வண்டிக்கு ஒரே ஒரு சந்தனப் பொட்டு, அதுவும் விரலில் மிச்சமிருந்தது.

மறுநாள் கிளம்பும்போதே சொன்னேன். "ஏங்க, ரேடியேட்டருக்குக் காத்துப் போகாது. மாலையைக் கழட்டிட்டு எடுங்க."

"சாமிக்குப் போட்டதைக் கழட்டக்கூடாது. தோத்துருவோம்னு பயந்து பேசாத."

காளவாசல் தாண்டும்வரை பறந்தார். நாகமலை தெரிகிற இடத்தில், சாலையோரம் அம்பாசிடர் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. நான் புதுக்கோட்டை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். மனுஷன் தண்ணீர்க் குடத்தோடு நின்றார், மாலையைத் தொட மட்டும் கை வரவில்லை. அந்தப் பக்கம் வந்த ஆடுகளுக்கு அப்படி ஒரு தயக்கமும் இல்லை. மாலை, வாழையிலை எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டுப் போயின. காற்றுப் பட்டு சூடு இறங்கியதும் தண்ணீர் ஊற்றினார், வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் நின்றது நின்றதுதான்.

சாயங்காலம் மொக்கைச்சாமி வந்தார். "எந்த வண்டிண்ணே?"

இவர் அம்பாசிடர் சாவியை நீட்டினார். "இதுதாண்ணே. மாமா வண்டி இங்கேயே இருக்கட்டும்."

அன்றுவரை தீப்பெட்டியாக இருந்தது அப்போதுதான் மாமா வண்டி ஆனது. சொல்லிவிட்டு அம்பாசிடர் பானெட்டை ஒருதரம் தடவிக்கொடுத்தார். எனக்குத் தாங்கவில்லை. நடுவில் புகுந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அண்ணே, இது சாமிக்கு மாலை போட்ட வண்டி. மாலையைக் கழட்டாம குடுக்கக்கூடாது."

மொக்கைச்சாமி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "மாலையவே காணமே தங்கச்சி?"

"நாகமலைப் பக்கம் ஆட்டு வயித்துல இருக்கு. போய்க் கழட்டிட்டு வாங்க."