மூடிய அறையில் மின்மினி

விசாரணை அறைக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக நின்றவர்களில் ஒருவன் தலையில் வெள்ளிக் காகிதத்தைத் தொப்பியாகச் சுற்றியிருப்பதைப் பார்த்ததும் வெர்னா ப்ரூயிட்டுக்கு அப்படியே திரும்பிக் காருக்குப் போய்விடலாமா என்று இருந்தது. வாஷிங்டனில் அந்த ஜூலைப் புழுக்கத்திலும் விடிவதற்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்த கூட்டம் அது. வேற்றுக்கிரகவாசியின் பச்சை முகமும் முட்டைக் கண்ணும் அச்சடித்த பனியன்கள். 'எங்களிடம் சொல்லுங்கள்' என்று எழுதிய அட்டைகள். வெர்னா கடற்படையில் ராடார் திரையைப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் அவள் 'சீஃப்', தலைமை மாலுமி; வருகிறாள் என்றால் கப்பலில் பாதிப் பேர் மென்றுகொண்டிருப்பதை முழுங்கிவிட்டு எழுந்து நிற்பார்கள். கடைசியில் இவர்களோடுதான் சேர வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது போல.

தொப்பிக்காரன் அவள் மார்பில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் படித்துவிட்டான்.

"மேடம், சாட்சி சொல்லப் போற ராடார்காரங்க நீங்கதானா? கைய ஒரு தடவ குடுங்க." கொடுத்தாள். பிடித்துக்கொண்டு விடவில்லை. "விட்டுறாதீங்க மேடம். எங்கள நாலு பேர் சிரிக்கட்டும், பரவால்ல. கவர்மென்டு வாயிலேர்ந்து உண்மை வரணும்."

"பாக்கலாம்பா," என்றாள் வெர்னா. அவளை அழைத்துப்போக வந்திருந்த ஓடெல், வானத்து மர்மப் பொருள்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் அலுவலர், இளைஞர், நல்ல மனிதர், கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டபடி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பணியிலிருந்த காலத்தில், வர்ஜீனியா கரைக்கு அப்பால் கடலுக்கு மேலே, காற்றுக்கு எதிராக அசையாமல் நிற்கும் சில புள்ளிகளை அவள் திரையில் பார்த்திருக்கிறாள். நிற்கும், திடீரென்று இருக்காது. கோட்டு போட்ட இரண்டு பேர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பதிவுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். திரையில் கோளாறு என்று சொன்னார்கள். சரி, கோளாறு என்று அவளும் விட்டுவிட்டாள். ஓய்வுக்குப் பிறகு செடி விற்கும் நர்சரி ஒன்றில் சேர்ந்து, ரோஜாவுக்கு எலும்புத் தூள் எவ்வளவு போட வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். அவள் ஒரே மகள் டெலியா போர் விமானி ஆகி, அதே கரைக்கு மாற்றலாகி வந்து, அதே வானத்தில் பறக்கத் தொடங்கியதும் அந்த நிம்மதி போயிற்று. அங்கே இருப்பது என்ன என்று பறக்கிற பிள்ளைகளுக்காவது சொல்லித் தொலையுங்கள் என்று குழுவுக்கு எழுத ஆரம்பித்தாள்.

அதற்கான தண்டனை மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விமானிகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது கூட இருக்கிறவர்கள்தான். ஒரு சாயங்காலம் பீரும் கையுமாகக் கூடி உட்கார்ந்து, உனக்கு எதில் அதிக வெட்கமோ அதையே பெயராக வைப்பார்கள். வானொலியில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், விமானத்திலும் அதைத்தான் எழுதுவார்கள். மறுத்தால் அதைவிட மோசமாக ஒன்று வரும். முதல் தடவை இறங்கும்போது விமானம் தோசை மாதிரித் தொப்பென்று தரையில் விழுந்ததால் டெலியா 'பேன்கேக்' ஆகியிருந்தாள். போன மாதம் அம்மாவின் பெயர் பத்திரிகையில் வந்ததும் அதைச் சுரண்டிவிட்டு 'மின்மினி' என்று எழுதிவிட்டார்கள்.

"உங்கம்மாதான் வானத்துல வெளிச்சம் பாக்குறவங்களாச்சேங்குறாங்க," என்று டெலியா போனில் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மா, நீ போய்ப் பேசு, வேணாங்கல. ஆனா நான் எதையும் பாக்கல. அத ஞாபகம் வெச்சுக்க."

"நான் கேக்கவே இல்லையேடி."

"கேக்காதன்னுதான் சொல்றேன்."

வெர்னா அதன் பிறகு கேட்கவில்லை.

விசாரணை அறையில் விளக்குகள் முகத்தில் சுட்டன. பாதுகாப்புத் துறையின் சார்பில் வந்த அதிகாரி எதைக் கேட்டாலும், "அதை மூடிய அறையில்தான் சொல்ல முடியும்," என்றார். எத்தனை சம்பவம் என்றாலும் மூடிய அறை. யாருக்காவது அடிபட்டதா என்றாலும் மூடிய அறை. மத்தியானச் சாப்பாடு என்ன என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அடுத்து வெர்னாவின் முறை வந்தது. எழுதிக்கொண்டு வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அவள் தன் பாட்டுக்குப் பேசினாள்.

"அங்க இப்பவும் பிள்ளைங்க பறக்குறாங்க ஐயா. பாத்ததப் பாத்தேன்னு சொன்னா சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துக்கிட்டு வாய மூடிக்கிறாங்க. எத்தன பெரிய இயந்திரம் வெச்சிருந்து என்ன பிரயோஜனம்? பயப்படாம ஒருத்தர் வாயத் திறக்கட்டும், அது போதும்."

பின்வரிசையில் கைதட்டினார்கள். குழுத் தலைவர் சுத்தியலைத் தட்டி இடைவேளை விட்டார்.

ஓடெல் வேகமாக வந்தார். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "மேடம், துறைக்காரங்க ஒத்துக்கிட்டாங்க. கீழ மூடிய அறையில ஒரு பதிவக் காட்டுறாங்க. நீங்க அன்னிக்குப் பாத்ததும் இதுவும் ஒண்ணான்னு உங்க அபிப்பிராயம் வேணுமாம். இத்தன வருஷத்துல இதான் முதல் தடவ."

அறை வாசலில் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள். உள்ளே போகிறவர்கள் போனை அதில் வைத்துப் பூட்ட வேண்டும். வைப்பதற்கு முன் திரையில் டெலியாவின் செய்தி மின்னியது. 'டிவில பாத்தேன். இன்னிக்கு சாயங்காலம் பறக்குறேன். முடிஞ்சதும் கூப்பிடு.'

ஜன்னல் இல்லாத அறை. குளிர். பழைய காப்பி வாசனை. இரண்டு குழு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துறையின் ஆள், லாயிட் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர், அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். இங்கே பார்த்ததையும் கேட்டதையும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, விட்டால் சிறை. பெற்ற பிள்ளையிடம்கூடவா என்று அவள் விளையாட்டாகக் கேட்டாள். லாயிட் சிரிக்கவில்லை.

திரையில், விமானத்தின் கேமரா பிடித்த சாம்பல் நிறக் கடல். மேலே கிழிந்த மேகம். அதற்கு நடுவில் கருப்பாக, உருண்டையாக ஒன்று, காற்றில் துளிகூட ஆடாமல். அவள் திரையில் எத்தனையோ தடவை புள்ளியாகப் பார்த்தது இதுதான். ஆனால் அன்றைக்கு அது விமானங்களை விட்டு எட்டவே நின்றது. இது ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

"மின்மினி," என்றது வானொலியில் ஓர் ஆண் குரல், கூடப் பறக்கும் விமானி. "நேர் எதிர்ல. தெரியுதா?"

"தெரியுது. தெரியுது."

வெர்னா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயந்தால் எதையும் இரண்டு தடவை சொல்வது டெலியாவுக்குச் சின்ன வயதிலிருந்து வழக்கம். நிலவறையில் விளக்கு அணைந்துபோனால், 'வரேன், வரேன்' என்று மேலே ஓடிவருவாள். அது வெர்னாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று டெலியாவின் அப்பா கேலி செய்வார்.

"என்கூடவே திரும்புது," என்றாள் திரைக்குள்ளிருந்த டெலியா. "என்கூடவே." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த உருண்டை போய்விட்டது. வெறும் மேகம்.

"மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கணுமா?" என்றது ஆண் குரல்.

"வேணாம்பா. எங்கம்மா ஒருத்தி போதும்."

படம் நின்றது.

"இன்னொரு தடவ போடுங்க," என்றாள் வெர்னா. போட்டார்கள். இந்தத் தடவை மகளின் குரலைக் கேட்காமல், பழைய ராடார்காரியாக, திரையை மட்டும் பார்த்தாள். அடிவானம் சாய்கிறது, விமானம் திரும்புகிறது. அது அவளோடு சேர்ந்து திரும்பவில்லை. டெலியா திரும்புவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அது திரும்பிவிட்டது. அவள் எந்தப் பக்கம் போகப் போகிறாள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. விமானத்துக்குள் இருக்கிறவளுக்கு அது முந்தித் திரும்புவது தெரிய வழியே இல்லை.

"அதேதானா, சீஃப்?" என்றார் லாயிட்.

"அதேதான்."

"இந்த ரெண்டு விமானியும் இதப் பத்தி ஒரு வார்த்த எழுதல. விமானக் கேமராவுலேர்ந்து நாங்களா எடுத்தது. எழுதாம மறைச்சவங்க யாருன்னு நிச்சயமாச்சுன்னா, அதோட அவங்க பறக்குறது முடிஞ்சுது. விதி அப்படி." மேஜைமேல் கைகளைக் கோத்து வைத்தார். "அந்தப் பொண்ணு குரல் உங்களுக்கு அடையாளம் தெரியுதா?"

எந்த விமானத்தில் எடுத்தது என்று தெரியாமலா எடுத்தார்கள்? தெரிந்துதான் கேட்கிறான் பாவி. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெலியா இன்று சாயங்காலமே தரையில் இருப்பாள், உயிரோடு இருப்பாள். ஆறு வயதில் மாடிக் கைப்பிடியில் உட்கார்ந்து விமானம் ஓட்டிய பெண். பறப்பதைப் பிடுங்கிவிட்டால் சாகும்வரை அம்மா முகத்தில் விழிக்க மாட்டாள். பயப்படாமல் ஒருத்தர் வாயைத் திறக்கட்டும் என்று மேலே சொல்லிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"தெரியாது," என்றாள்.

"நல்லது," என்று லாயிட் கணினியை மூடினார். "அப்ப எங்களுக்கும் தெரியாது."

வெளியே வந்து பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள். லாயிட் வாசலிலேயே நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல். வெர்னா மகளைக் கூப்பிட்டாள்.

"மா, சீக்கிரம் சொல்லு. கிளம்பிட்டேன், போன பெட்டிக்குள்ள வைக்கப் போறேன்." பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், பூட்ஸ் சத்தம். "கலக்கிட்ட போ. இங்க ஒரு பய சிரிக்கல, தெரியுமா?"

"டெலியா, இன்னிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வாயேன்."

"எதுக்கு?"

லாயிட் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சும்மாதான்டி. பாக்கணும்போல இருந்துச்சு."

"மூடின அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு டிவில சொன்னாங்க. என்ன காட்டுனாங்க?"

"ஒண்ணுமில்ல," என்றாள் வெர்னா. "ஒண்ணுமில்ல."

மறுமுனையில் பூட்ஸ் சத்தம் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது, உள்ளே அந்தத் திரையில் கேட்டதுபோலவே.

"சரி," என்றாள் டெலியா மெதுவாக. "சரி."

போனுக்குள் ஒரு தகரக் கதவு சாத்திக்கொண்டது. சாவி திரும்பியது. அதன் பிறகும் வெர்னா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை; அப்படியே படியேறி மேலே வந்தாள். வராந்தாவின் கோடியில், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, தொப்பிக்காரன் எட்டி அவளைப் பார்த்துவிட்டான். வெள்ளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, என்ன சொன்னார்கள் என்று கேட்பவனாக அவள் முகத்தையே பார்த்து நின்றான்.