நிரப்பிக் கொடுத்த பிளேயர்

எங்கள் ஓஷ் நகரத்தில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் சூப் வந்தால், அது போகும்போது நாலு உலர்ந்த ஆப்ரிகாட்டாவது கூடப் போகும். நான் என் ரிப்பேர் கடையிலும் அதையே செய்தேன். பேட்டரி மாற்ற வரும் பாட்டுப் பிளேயரைப் புதுப் பாட்டுகளால் நிரப்பித்தான் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன். அந்தத் தாராள மனசால்தான் ஒருத்தியின் குரலை அழித்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆற்றோரம் வரிசையாக நிற்கும் இரும்புக் கன்டெய்னர்களில் ஒன்றின் பாதி என் கடை. அன்று காலை கென்ஜெபாயும் அவன் மனைவி சூராவும் வந்தார்கள். கென்ஜெபாய் மினி வேன் ஓட்டுபவன், நின்று பேச நேரமில்லாதவன். அவள் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை கட்டியிருந்தாள். ஜூலை மாதம்.

"சாகின் அண்ணே, இந்தப் பிளேயர் பேட்டரி செத்துப்போச்சு. இருபது நிமிஷத்துல அணைஞ்சிடுது. இதைக் கேட்டாத்தான் பாப்பா தூங்குது. பாதியில நின்னா வீட்டையே ரெண்டாக்குது."

"என்ன பாட்டு கேக்குறா உன் மக?"

"அவளுக்குப் பிடிச்சதுதான். நீங்க பேட்டரியை மட்டும் பாருங்க, வண்டியில ஆளுங்க உக்காந்திருக்காங்க."

நான் சூராவைப் பார்த்துச் சிரித்தேன். "என்னம்மா, நீ வாயே தொறக்க மாட்டியா? இவன் பேச விடுறதில்லையா?"

கென்ஜெபாயின் முகம் மாறியது. அவள் மட்டும் மரியாதைக்குப் புன்னகைத்தாள். இருவரும் போய்விட்டார்கள். என் நாக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மூடியைத் திறந்தேன். பேட்டரி, அடுப்பிலிருந்து எடுத்த சம்சா போல உப்பியிருந்தது. குத்திவிடாமல் பசையிலிருந்து மெல்லப் பெயர்த்தேன். சிவப்பு, கறுப்பு இரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பு நீக்கி, அதே அளவில் புதியதை வைத்துப் பற்றவைத்தேன். சுத்தமான வேலை. உயிர் வந்தது. திரையில் பாட்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டியது.

பேட்டரி கெட்டுப்போய்ப் பாட்டெல்லாம் போய்விட்டது போலிருக்கிறது, பாவம் குழந்தை என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் செருகினேன். நினைவகத்தில் கோளாறு, அழித்துச் சீராக்கவா என்று கேட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கும் கேள்வி. ஆமாம் என்றேன். பிறகு தாலாட்டு, கல்யாணப் பாட்டு, கோமுஸ் தந்தி வாத்திய இசை என்று, இனி ஒரு பாட்டுக்கும் இடமில்லை என்னும் வரை ஏற்றினேன். பாட்டுப் பட்டியலுக்கு வெளியே குரல் பதிவுக்கென்று தனி இடம் உண்டு. எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை.

மதியம் வந்தார்கள். "புல்லா ஏத்திக் குடுத்திருக்கேன், உன் மக பள்ளிக்கூடம் போற வரைக்கும் போதும்" என்று பெருமையடித்துக்கொண்டே நீட்டினேன். சூரா காதில் மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். மேலே, கீழே, மறுபடி மேலே. அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. காற்று மட்டும் சால்வைக்குள்ளிருந்து, கழுத்திலிருந்து, சீறிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்ன பண்ணீங்கண்ணே?" கென்ஜெபாய் என் மேசையைப் பிடித்துக்கொண்டான். "தொண்டையில புத்து. குரல்வளையை எடுக்கணும்னு சொன்னாங்க, ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் பூரா உக்காந்து இதுல பேசி வச்சா. பாப்பாவுக்குத் தாலாட்டு, கதை, திட்டு, கெஞ்சல் எல்லாம். அப்ப பாப்பா பெர்மெத்துக்கு எட்டு மாசம். அம்மா குரல்னு அவளுக்குத் தெரிஞ்சது இது மட்டுந்தான்."

"சொல்லியிருக்கலாமேடா!"

"கடை வாசல்ல, இவ முன்னாலயே, இவளுக்குக் குரல் இல்லைனு சொல்லச் சொல்றீங்களா? பேட்டரிதானே மாத்தச் சொன்னேன்?"

கோபம் வந்தது, அவன்மேல் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு மூன்று நாள் அந்தப் பிளேயரோடு உட்கார்ந்தேன். அழிந்ததைத் தேடி எடுக்கும் நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். வெறுமனே அழித்திருந்தால் முக்கால்வாசி மீண்டிருக்கும். அழித்த இடத்தின் மேல் வேறொன்றை எழுதினால்தான் அடியோடு போகும். நான் முந்நூற்றுச் சொச்சம் பாட்டுகளை எழுதியிருந்தேன். கஞ்சனாக இருந்திருந்தால் அவள் குரல் பிழைத்திருக்கும்.

ஒரே ஒரு துண்டு கிடைத்தது. ஒன்பது நொடி. நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். பேசப்போகிறவர்கள் இழுப்பதுபோல ஒரு மூச்சு. அதோடு சரி.

அதை மட்டும் வைத்து, என் பாட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். சூரா கேட்டாள். அழுதாள். பிறகு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவள் அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து இருவரும் மறுபடி கடைக்கு வந்தார்கள். இந்தத் தடவை குழந்தையும் கென்ஜெபாயின் தோளில் இருந்தது. கண்கள் வீங்கி, தூக்கம் கெட்ட முகம்.

"இதையும் அழிச்சிடுங்கண்ணே" என்றான்.

"ஏண்டா? அந்த ஒண்ணாவது இருக்கட்டுமேடா."

"அந்த மூச்சுச் சத்தம் கேட்டதும் பாப்பா எந்திரிச்சு உக்காந்திடுறா. அடுத்து அம்மா பேசுவான்னு இவளுக்குத் தெரியும். காதை விட்டு எடுக்க விடமாட்டேங்குறா. காத்துக்கிட்டே இருக்கா. திரும்பப் போடு, திரும்பப் போடுங்கறா. தூங்கவே மாட்டேங்குறாண்ணே."

பிளேயரைக் கையில் வாங்கினேன். என் கை அதைச் செய்யவில்லை. கண்ணீர் மறைத்ததில் திரையும் தெரியவில்லை. இன்னொரு வழி பார்க்கலாம், பெரிய ஊரில் ஆள் இருக்கிறார்கள் என்று ஏதோ உளறினேன். கென்ஜெபாய் தலை குனிந்துகொண்டான்.

சூரா என் கையிலிருந்து அதை வாங்கினாள். குழந்தையின் முகத்தை அவன் தோளுக்குள் திருப்பி வைத்தாள். கடைசியாக ஒருமுறை தன் காதில் வைத்து ஒன்பது நொடியும் கேட்டாள். பிறகு அவளே அழித்தாள்.