பஃபலோ ரசிகர்களும் என்ரை லைசென்சும்

வெள்ளிக்கிழமை கார்ச் சோதினையிலை ரெண்டாந்தரமும் பெயில் விட்டன். ஏனெண்டு சொன்னால் சிரிப்பியள். இஞ்சை சுவிசிலை, வின்டர்தூரிலை எங்கட பிள்ளையார் கோயில் இருக்கிற றோட்டாலை போகச் சொன்னான் சோதினைக்காரன். கோயிலைக் கண்ட உடனை என்ரை ரெண்டு கையும் ஸ்டியறிங்கை விட்டிட்டுக் கும்பிட்டிட்டுது. இவ்வளவு வருசமா பஸ்ஸுக்குள்ளை இருந்து கும்பிட்டுப் பழகின கை, அதுக்கென்ன தெரியும்? அந்தாள் "ஹேர்கொட்!" எண்டு டொச் பாசையிலை கடவுளைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு பாய்ஞ்சு ஸ்டியறிங்கைப் பிடிச்சான். அதோடை சரி.

எனக்கு லைசென்ஸ் விளையாட்டில்லை. முதியோர் இல்லத்திலை துணி தோய்ச்சுத் தோய்ச்சு அலுத்துப்போனன். வீடு வீடாப் போய் வயசானவையைப் பாக்கிற வேலை எனக்குத் தாறமெண்டு சொல்லிப்போட்டினம், கார் ஓடினால் மட்டும். மூண்டாந்தரமும் பெயில் விட்டால் மூளை சரியோ எண்டு பாக்க வேறை அனுப்புவினமாம். "போதும், நான் இனிப் போகமாட்டன்" எண்டு சொல்லி அறைக்குள்ளை போய்ப் படுத்திட்டன்.

ஞாயிறு பின்னேரம் வழக்கம்போலை வீட்டிலை கூட்டம். என்ரை மனுசன் குகநாதனுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் விசர். அதிலையும் பஃபலோ பில்ஸ் எண்ட ரீம். கலியாணம் கட்டின நாள் தொட்டுக் கேக்கிறன், உங்களுக்கு வெல்லுற ரீம் ஒண்டும் ஆப்பிடேல்லையோ எண்டு. தொண்ணூறுகளிலை அடுத்தடுத்து நாலு வருசம் சூப்பர் போல் எண்ட இறுதியாட்டத்துக்குப் போய், நாலுதரமும் தோத்த ஆக்கள். இண்டைவரைக்கும் அந்தக் கோப்பை இல்லை. அதுக்கும் நீலச்சிவப்பு ஜேர்சி போட்டுக்கொண்டு ஷாஃப்ஹவுசனிலையிருந்து இவரின்ரை கூட்டாளி அருட்செல்வன் அண்ணையும் மனுசி டிலக்ஷியும் ஓடி வருவினம். இவர் கோழிச் செட்டை பொரிப்பார், பஃபலோக்காரரின்ரை சாப்பாடாம். போடுறது எங்கட மிளகாய்த்தூள்.

அண்டைக்கு ரிவிச் சத்தம் திடீரெண்டு நிண்டுது. பிறகு என்ரை அறைக் கதவுக்கு வெளியாலை குசுகுசுப்பு. பிறகு நிலம் அதிர அதிரக் கால் மிதிக்கிற சத்தம்.

"மலர் வேணும்! மலர் வேணும்!" மலர் எண்டது நான்தான்.

எனக்கு வந்ததே கோவம். கதவைத் திறந்தன். "என்ன, விசரே உங்களுக்கு? ஞாயிற்றுக்கிழமை! கீழ்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடப்போறா!"

மகள் ஹரிஷாவும் ஒரு ஜேர்சியைப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். "அம்மா, கொஞ்சம் கேளுங்கோவன். பில்ஸ் முதல்தரம் தோத்தது ஒரே ஒரு புள்ளியாலை. கடைசி நேரத்திலை ஒருத்தர் அடிச்ச பந்து கம்பத்துக்கு வெளியாலை போட்டுது. அடுத்தநாள் ஊர்ச்சனம் ஆயிரக்கணக்கிலை சதுக்கத்திலை கூடி, அந்தாளைத்தான் வேணும் வேணும் எண்டு கத்தினதாம்."

"அடிக்கவோ?"

"இல்லையம்மா. கைதட்ட."

நான் இவரைப் பாத்தன். மனுசன் கையிலை செட்டைத் தட்டோடை, கண் கலங்கி நிக்கிறார். எனக்கும் அழுகை வந்திட்டுது. ரெண்டு நாளா அடக்கி வைச்சது, அப்பிடியே கொட்டிப்போட்டுது. டிலக்ஷி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டாள்.

மூக்கைத் துடைச்சுப்போட்டு, "அடுத்த வருசம் வெண்டவையே?" எண்டு கேட்டன்.

அருட்செல்வன் அண்ணை தொண்டையைச் செருமினார். "இல்லைத் தங்கச்சி. ஆனா திரும்பப் போனவை."

"நல்ல ஆக்களைப் பிடிச்சியள் போங்கோ" எண்டு சொல்லிச் சிரிச்சிட்டன். "சரி, நானும் போறன். ஆனா அந்தக் கோயில் றோட்டு வந்தால் என்ன செய்யிறது?"

"நீ கையை எடுக்காதை," எண்டார் இவர். "உனக்கும் சேத்து நாங்கள் கும்பிடுறம்."

சும்மா சொல்லுறார் எண்டுதான் நினைச்சன்.

மூண்டாந்தரமும் அதே சோதினைக்காரன், அதே றோட்டு. ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வாறன், கோயில் வாசலிலை நாலு பேர் நீலச்சிவப்பு ஜேர்சியோடை, தலைக்கு மேலை கை கூப்பிக்கொண்டு வரிசையா நிக்கினம். விடியத் தொடக்கம் குளிருக்கை நிண்டவையாம்.

"யாரப்பா இவையள்?" எண்டு டொச்சிலை கேட்டான் சோதினைக்காரன்.

"என்ரை ரசிகர்கள்" எண்டு சொல்லி, றோட்டைப் பாத்தபடி சிக்னலைப் போட்டு வலப்பக்கம் திருப்பினன்.

லைசென்ஸ் கையிலை கிடைச்ச உடனை காரை நேரை கோயிலடிக்கு விட்டன். ஒழுங்காப் பார்க் பண்ணி, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, ஆறுதலா ரெண்டு கையாலையும் கும்பிட்டன்.