காய்ச்சல் குறைந்த தோட்டம்

எண்பத்தாறாம் வருஷம் அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கிற குயில்மலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு விஞ்ஞானம் ஜீப்பில் வந்து இறங்கியது. ஓர் இறாத்தல் பாண் ரொட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து ஒரு சுருள் வயர். வயர் நுனியில் ஒரு குச்சி. குச்சியை நாக்குக்கு அடியில் வைத்தால், பெட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கீங் என்று கத்தி, காய்ச்சல் எவ்வளவு என்று சிவப்பு நம்பரில் காட்டும். வெளிநாட்டுத் திட்டக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது. தோட்டத்துத் துரை ரிப்பன் வெட்டினார். ஃபெக்டரி மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிற வழக்கத்தில் யாரோ இதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் கண்ணாடிக் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வந்த ஆளுடைய தொழிற்சங்கம் எது என்பதையும் யோசித்துப் பார்த்துத்தான் லோரன்ஸ் காய்ச்சல் சொல்லிவந்தார். தோட்டத்து மருந்துக்காரர். டாக்டருக்குப் படித்தவரில்லை, ஆனால் டாக்டரய்யா என்று கூப்பிட்டால்தான் அவருக்குக் காது கேட்கும்.

பெட்டி வந்ததும் சட்டம் சுலபமாகிவிட்டது. நம்பர் நூறைத் தாண்டினால் வேலைக்குப் போகாமல் லயத்து வீட்டில் படுத்துக்கொள்ளத் துண்டுச் சீட்டு. நூற்று மூன்றைத் தாண்டினால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி. நம்பர் இல்லையா, துண்டு இல்லை. துண்டு இல்லாமல் படுத்தால் அன்றைக்குச் சம்பளக் கணக்கில் பேர் விழாது; லொறியோ துண்டைப் பார்க்காமல் அசையவே அசையாது.

பொய் சொல்லக் கூடாது, முதல் மாதம் பெட்டி தர்மராசாவாகத்தான் இருந்தது. லோரன்ஸ் ஐயா வருஷக்கணக்காக வேலைக்கள்ளி என்று விரட்டியடித்த பொம்பிளைகளுக்கெல்லாம் நிஜமாகவே காய்ச்சல் இருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

பிறகு தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரன் அழகன் ஓர் ஆராய்ச்சி செய்தான். கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீயை வாயில் அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றான். தன் முறை வந்ததும் விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கினான். நூற்று நாலு. லொறியில் டவுனுக்குப் போய், சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி தின்றுவிட்டு, குணமாகித் திரும்பினான். அடுத்த கிழமை பாதித் தோட்டம் கன்னம் உப்பிப்போய் வரிசையில் நின்றது. தேயிலையால் தொழிலாளிக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

அதையும் நல்லமுத்து கெடுத்தான்.

மலையில் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறுகிற வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் வாச்சர் ஆகவேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் ஆசை. வாச்சருக்குக் காக்கிக் கோட்டு உண்டு. அவன் போய் லோரன்ஸ் ஐயாவின் ஜன்னலோரம் நின்றான்.

"ஐயா, ஒங்களை நல்லா ஏமாத்துறானுங்க."

"யாருடா?"

"அல்லாருந்தாங்க. அது காய்ச்சல் இல்லீங்க, தேத்தண்ணி."

அன்றைக்கே புதுச் சட்டம் வந்தது. குச்சி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மலையூற்றிலிருந்து குழாயில் வந்து விழுகிற பீலித் தண்ணியில் வாய் கொப்பளிக்கவேண்டும். அக்கரப்பத்தனையில் விடியக்காலைப் பீலித் தண்ணி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பல் கூசாது. பல் இருப்பதே மறந்துபோகும். எனாமல் கோப்பையில் அதைப் பிடித்துக் கொடுக்கிற உத்தியோகம் நல்லமுத்துவுக்குக் கிடைத்தது. காக்கிக் கோட்டும் கிடைத்தது. கோட்டு கொஞ்சம் பெரிசு.

தோட்டத்தில் காய்ச்சல் ஒழிந்தது. லோரன்ஸ் ஐயா சுவரில் ஒரு படம் வரைந்து மாட்டினார். அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டு வந்தது.

ஆடி மாத மழையில் நல்லமுத்துவின் பெண்சாதி வீரம்மா படுத்தாள். நெஞ்சில் குத்தல், இருமல், பக்கத்தில் உட்கார்ந்தால் அடுப்பு மாதிரி அனல். நல்லமுத்து பதறவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் பெண்சாதிக்கு லொறி கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்? கம்பளியைப் போர்த்திக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான்.

"என்னா நல்லமுத்து, ஒன் வீட்டாளா? சட்டம் அல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார் லோரன்ஸ்.

"ஆமாங்க டாக்டரய்யா."

கோப்பையை நீட்டினான். காய்ச்சல்காரிக்குத் தாகம். கொப்பளிக்கவில்லை, மடமடவென்று குடித்துவிட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் குடுங்க" என்றாள். ஆசையாகக் கேட்கிறாளே என்று இன்னொரு கோப்பை கொடுத்தான்.

கீங். தொண்ணூற்றெட்டு.

"துரைசாணிக்குக்கூட இவ்வளவு நல்ல நம்பர் வராது" என்றார் லோரன்ஸ்.

"மேலு கொதிக்குதுங்க ஐயா. தொட்டுப் பாருங்க."

"தொட்டா? தொட்டுப் பாக்குற காலமெல்லாம் மலையேறிப் போச்சுப்பா. ஒன் கையில நம்பர் வருதா?"

நல்லமுத்து கையைத் திருப்பிப் பார்த்தான். வரவில்லை.

துண்டு இல்லாததால், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வீரம்மாவைக் கொழுந்து பறிக்க அனுப்பினார். மத்தியானம் கூடையோடு சரிந்தவளை இரண்டு பொம்பிளைகள் லயத்தில் கொண்டுவந்து போட்டார்கள்.

மறுநாள் நல்லமுத்து ஒரு முடிவுக்கு வந்தான். நிஜக் காய்ச்சலுக்குக் கொஞ்சம் தேத்தண்ணி ஒத்தாசை செய்தால் தப்பில்லை. பெரிய கோட்டுக்குள் பிளாஸ்க்கை ஒளித்து வைத்து, வரிசையில் வைத்தே அவளுக்கு ஊற்றினான்.

"சுடுதுங்க."

"சுடட்டும் புள்ள. விழுங்காம வச்சிரு. லொறிக்குத்தான்."

தண்ணிக் கோப்பையை வெறுமையாகவே அவள் வாயில் வைத்து எடுத்தான். பெட்டி யோசிக்கக்கூட இல்லை. நூற்று ஏழு.

லோரன்ஸ் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். வரிசையும் சிரித்தது.

"நூத்தி ஏழா! அடேய், இந்த வித்தைய எனக்குக் காட்டிக் குடுத்ததே நீதானடா! எனக்கேவா?"

"ஐயா, நேத்தும் காய்ச்சல் இருந்திச்சிங்க. நெசமாவே—"

"கொப்பளிக்க வையி. என் கண்ணு முன்னாடி."

அவளுக்கு வாயில் தண்ணியை நிறுத்தி வைக்கவும் தெம்பில்லை. கடைவாயில் வழிந்தது. நல்லமுத்துதான் தாடையைப் பிடித்து, தலையைச் சாய்த்து, மறுபடி மறுபடி ஊற்றினான். வேலையில் அவன் குறை வைத்ததே கிடையாது.

தொண்ணூற்றேழு.

பஸ் போகிற ரோட்டுக்கு ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், இறங்கவேண்டும். கம்பளியில் கட்டித் தூக்க நாலு ஆள் வேணும் என்று லயத்தில் போய்க் கேட்டான். அழகன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"தூக்கலாமண்ணே. ஆனா வேலைக்குப் போகாம நிக்கணுமே? நிக்கணும்னா துண்டு வேணும். துண்டுக்குக் காய்ச்சல் வேணும். எங்களுக்கெல்லாம் ஒடம்பு நல்லாருக்குன்னு நீங்கதானே தண்ணி ஊத்தி நிரூபிச்சீங்க?"

அழகன் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான்.

அடுத்த விடியலில், பெரட்டுத் தப்பு அடிக்கும் முன்னால், வீரம்மா செத்துப்போனாள். சாவென்றால் தோட்டத்துக்கு அரைநாள் விடுமுறை. அதற்குப் பெட்டி தேவையில்லை. தூக்க நாலு ஆள் கேட்டதற்கு நாற்பது பேர் வந்தார்கள். அழகன்தான் முன்பக்கம் தோள் கொடுத்தான். சவப்பெட்டிக்குப் பலகை ஏற்றிவர லொறியும் வந்தது.

கொஞ்ச நாளில் திட்டக்காரர்கள் ஜீப்பில் திரும்ப வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா சுவரில் சறுக்கிய கோட்டைப் பார்த்துக் கண் கலங்கினார். இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு ஆரோக்கியத்தை அவர் எங்கேயும் கண்டதில்லையாம். பெட்டி வேலை செய்கிற விதத்தைப் பார்க்கவேண்டும் என்றார். வரிசையில் அன்றைக்கு யாரும் இல்லை. வந்து பிரயோசனமில்லை என்று சனம் புரிந்துகொண்டு நாளாகியிருந்தது.

"நல்லமுத்து, நீ ஒக்காரு" என்றார் லோரன்ஸ்.

உட்கார்ந்தான். கோட்டுக்குள் கிடுகிடுவென்று நடுங்கினான். உதடு வெடித்திருந்தது. கண் செக்கச் செவேலென்று இருந்தது. பேசத் தொடங்கினால் இருமல் வந்தது.

"கூச்சப்படுறான்" என்று லோரன்ஸ் இங்கிலீஷில் விளக்கினார். அம்மா அன்போடு சிரித்தார்.

குச்சியைக் கொண்டுவந்தபோது நல்லமுத்து கையால் மறித்தான். எல்லோரும் பார்த்தார்கள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பீலிக்குப் போய், கோப்பையில் தண்ணி பிடித்து, நன்றாகக் கொப்பளித்துத் துப்பினான். மறுபடியும் கொப்பளித்தான். பிறகு வந்து உட்கார்ந்து நாக்கைத் தூக்கினான்.

கீங்.

"தொண்ணூத்தேழு!" என்றார் லோரன்ஸ். எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஒனக்கு ஒண்ணுமே இல்லைடா."

"தெரியுங்க டாக்டரய்யா" என்றான் நல்லமுத்து. கோப்பையை அலசி, அடுத்த ஆளுக்காகத் தண்ணி பிடித்து வைத்தான்.