இரண்டு பக்கமும் பொட்டு

விஜயதசமி காலையில் பால் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதே இசக்கிமுத்துவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கிதாருக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஒரு கரகரப்பு. கிதார் ஒலியைக் கரகரப்பாக்க அவன் செய்த பெட்டியின் சத்தமேதான்! வெரோபோர்டு என்கிற சர்க்யூட் பலகையில் ஓடும் செம்புக் கோடுகளில் எதை எங்கே அறுப்பது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு, டிரான்சிஸ்டர்களைப் பொசுக்கி, ஒருவழியாக பிஸ்கட் டப்பாவுக்குள் அடைத்த பெட்டி. தி. நகர் முழுக்கக் கேட்கட்டும் என்று பூரித்துப்போனான்.

மச்சான் ராஜரத்தினம் வந்திருக்க வேண்டும். மனைவி தங்கபுஷ்பத்தின் அண்ணன், மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பவர். பெட்டியே அவருக்காகத்தான்.

ஆம்ப்ளிஃபயருக்கு வக்கில்லாததால் பழைய வால்வு ரேடியோவோடு இணைத்துத்தான் வாசிப்பு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரகம் அது. அதன் இரண்டு பின் ப்ளக்கைத் திருப்பிச் சொருகினால் ரேடியோவின் இரும்புச் சட்டத்தில் கரண்ட் ஏறும். அங்கிருந்து ஒயர் வழியாகப் பெட்டிக்கும் கிதார் கம்பிக்கும் வந்துவிடும். அதனால் ப்ளக்கின் ஒரு பக்கம் நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து, "பொட்டு மேல இருக்கணும் மச்சான்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "பொட்டிக்குள்ள கீறது பேட்டரி. அது இன்னா பண்ணும் மாப்ள?" என்று சிரித்த ஆசாமி அவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும், துடைத்த ஈரம் காயாத தரையில் தங்கபுஷ்பம் காபி டம்ளரோடு எதிர்ப்பட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து பூஜையில உங்க சாமான் ஒண்ணு விடல, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். ப்ளக்குல மட்டும் ஒரு பக்கந்தான் இருந்துச்சு. பாவம்னு மறுபக்கமும் வெச்சுட்டேன்."

இசக்கிமுத்து எட்டி ப்ளக்கைப் பார்த்தான். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ, சொருகியவருக்கே தெரியாது.

ராஜரத்தினம் கோரைப்பாயில் கண்மூடி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கரண்ட் ஏறியிருந்தால், பாய்தான் இதுவரை காப்பாற்றியிருக்க வேண்டும். கத்தினால் மனுஷன் பதறி எழுந்து ஈரத்தில் கால் வைத்துவிடுவார். அதற்குள் தங்கபுஷ்பம் வெறுங்காலோடு அவரை நெருங்கி, "அண்ணே, காபி" என்று டம்ளரை நீட்டிவிட்டாள். எவர்சில்வர் டம்ளர். அவர் கண்ணைத் திறந்து கையை நீட்டினார்.

பால் சொம்பு எங்கே விழுந்ததோ, இசக்கிமுத்து பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினான். சத்தம் அறுந்தது.

"இன்னா மாப்ள, நல்லா வந்துக்கினு இருந்துச்சே!"

அவன் கிதாரை வாங்கிக் கட்டிலில் போட்டான். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ப்ளக்கை இருந்த வாக்கிலேயே திரும்பச் சொருகி, கரண்ட் இருந்தால் விளக்கு எரியும் டெஸ்டரைப் பிஸ்கட் டப்பாவில் வைத்தான்.

விளக்கு எரிந்தது.

"எரியுதே!" என்று தங்கபுஷ்பம் கையைத் தட்டினாள். "அப்ப எல்லாம் நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"