நாடகத்தில் எழுதியிருந்த இருமல்

...இது அந்த இருமல் இல்லை, பத்தொன்பது வருஷமாக எதிரே நின்று கேட்டவளுக்குத் தெரியாதா, மேடையில் இருமினால் லுபாசி அடிவயிற்றிலிருந்து இழுப்பான், கடைசி வரிசைப் பெண்களுக்கும் கேட்க வேண்டுமே, முடித்ததும் ஓரக்கண்ணால் சிரிப்பு வருகிறதா என்று பார்ப்பான், இப்போது செல்போனில் தீப்பெட்டி அகலச் சதுரத்துக்குள் இருமுகிறவன் யாரையும் பார்க்கவில்லை, வாயைத் திறந்து காற்றைத் தேடுகிறான்... நாடகத்தில் இருமல் உண்டுதான், இந்த நோயெல்லாம் புரளி என்று வீம்பு பிடிக்கும் புருஷன் வேஷம் அவனுக்கு, ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சும் பெண்டாட்டி வேஷம் மூத்திண்டாவுக்கு, லுசாகாவில் தொற்றுக்குப் பயந்து கூட்டம் கூடத் தடை வந்தபின் குழுவை நடத்தும் நம்விங்கா எழுதிக்கொடுத்தது, ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு அவரவர் வீட்டில் செல்போன் முன் உட்கார்ந்து நடிக்க வேண்டும்... முன்பெல்லாம் ஆடிய, சந்தைக்குப் பின்னாலிருக்கும் மைதானமாக இருந்தால் இந்நேரம் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கத்தியிருப்பார்கள், அவனுக்கு நிஜமாகவே முடியலை பாரு என்று யாராவது ஒருத்தி எழுந்தே வந்திருப்பாள், இங்கே திரையின் ஓரத்தில் சிவப்பு இதயங்கள்தான் மிதந்து ஏறுகின்றன, அசல் மாதிரியே இருமுறார் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள், நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் கட்டம் வந்தது, அவள் விரலைத் திரையில் வைத்தாள், செல்போன்தான் சுட்டது.

தன் வசனத்தைச் சொன்னாள், "மூச்சு வாங்குது உங்களுக்கு, கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," அவன் பதில் ஊருக்கே மனப்பாடம், இருமினவனெல்லாம் செத்தா சந்தையில தக்காளி விக்க ஆள் இருக்காது என்பான், இன்று தக்காளி வரை வந்து நின்றுவிட்டான், சிரிக்கும் பொம்மைகள் கொட்டின... நிறுத்திவிடலாமா, நடிப்பாக இருந்துவிட்டால்? பாதியில் நிறுத்துகிறவள் நடிகையே இல்லை என்று சொன்னவன் இவன்தானே, ஒருமுறை காலில் ஆணி ஏறியும் கடைசிக் காட்சி வரை ஆடியவன், ஆனால் தோள் ஏன் இப்படிக் குதிக்கிறது, கழுத்துக்குழி ஏன் உள்ளே போகிறது, இதை யார் எழுதிக்கொடுத்தது?

"லுபாசி, நாடகம் போதும்," என்றாள், "நெஜமாச் சொல்லு, என்னய்யா பண்ணுது?"

அவன் நிமிர்ந்தான். அதையும் புதுக்காட்சி என்றே எடுத்துக்கொண்டார்கள் போல, இதயங்கள் முன்னைவிட அதிகமாக ஏறின, அவற்றுக்கு நடுவே அவன் முகம், "எந்திரிக்க முடியல மூத்திண்டா, காலையிலேர்ந்து..." அவ்வளவுதான், வாய் திறந்தபடி படம் உறைந்தது, பிறகு சதுரம் கறுத்தது.

கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது, நம்விங்காவைக் கூப்பிட்டு வீடு எங்கே என்று கேட்டாள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்னு சொல்வான், நீதான கூடவே நடிக்கிறவ, உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் என்றாள் அவள், நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன், ஆனா எந்த வீடுன்னு கேட்பாங்களே... மூத்திண்டா ஓடினாள், முகக்கவசம் வியர்வையில் ஒட்டியது, பாதையைத் தாண்டினால் தகரக்கூரைகள், கூரைக்கு மேல் கூரையாக, எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை, எந்தக் கதவு, எங்கே தங்கியிருக்கே என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாளா, கேட்டிருப்பாள், இல்லை, கேட்டதாக நினைவில்லை, ஒத்திகைக்கு முதலில் வருவான், எல்லோரும் போனபின் போவான், மனைவி பிரிந்துபோனதைக்கூட வேறு யாரோதான் சொன்னார்கள்... முதல் கதவைத் தட்டினாள், இல்லை என்றார்கள், அடுத்தது, அதற்கடுத்தது, ஏழாவது கதவை ஒரு பெண் பாதி திறந்து, கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உயரமானவர்தானே, நாடகம் போடுறவர், என்று இழுத்தாள், வழிகாட்ட எழுந்த அவள் கை சந்தின் உள்பக்கமாகப் பாதி நீண்டு நின்றது, முன்பின் தெரியாதவளுக்கு ஓர் ஆணின் வீட்டைக் காட்டுவதா என்று யோசிக்கிறாள்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

மூத்திண்டா வாயைத் திறந்தாள், எந்த வசனத்தை எங்கே மறப்பான் என்று தெரியும், எந்த மூச்சுக்குப் பின் சிரிப்பான் என்று தெரியும், ஆனால் இதற்கு என்ன சொல்வது...